கருங்கல் வீட்டில் ரூட்டர் இடம் மாறிய கதை

"அண்ணா, மறுபடியும் போயிருச்சுங்க. இந்தத் தடவ மேனேஜர் பேசிட்டு இருக்கறப்பவே நெட்டு போயிருச்சு."

போனில் டெய்சி. கத்தவில்லை, அழவில்லை. மரியாதையாகச் சொன்னார். கஸ்டமரிடம் திட்டு வாங்கியே தலை நரைத்தவன் என்ற முறையில் வீடு வீடாக நெட் கனெக்‌ஷன் கொடுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கத்துகிறவரைச் சமாளித்துவிடலாம். மரியாதையாகப் பேசுகிறவரிடம்தான் நாம் மாட்டிக்கொள்வோம்.

டெய்சி ஒரு பெங்களூரு கம்பெனிக்கு குன்னூரில் இருந்தபடியே வேலை பார்ப்பவர். அப்பா சாமுவேல் சார், எஸ்டேட் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சாருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு, அவரைத் தனியாக விடமாட்டேன் என்று மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார். கம்பெனியும் சரி என்றது. ஆனால் மீட்டிங் நடுவில் ஆள் மறைந்து மறைந்து போனால் யார் பொறுத்துக்கொள்வார்கள்? இன்னொரு தடவை கட் ஆனால் திங்கட்கிழமையிலிருந்து பெங்களூரு ஆபீஸில் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் ரூட்டரை இடம் மாற்றி வைத்த மகான் நான்தான்.

சுவரும் குரங்கும்

வீடு வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டடம். நெட் வரும் ஃபைபர் கேபிள் முன்பக்க ஹாலுக்குள் வருகிறது, டெய்சியின் அறை பின்கோடியில். நடுவில் மூன்று சுவர். வைஃபை முதல் சுவரிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். சுவரில் ஓட்டை போடலாமா என்று சாமுவேல் சாரிடம் கேட்டேன்.

"ஏனுங்க நெட்காரரே, என்ற பாட்டன் காலத்துல இருந்து நிக்கற சொவுருங்க. மொதல்ல உங்க டிரில்லு உடையும், அப்பறம் என்ற நெஞ்சு உடையும். எதுக்குங்க வம்பு?"

சரி என்று வீட்டுக்கு வெளியே சுற்றி லேன் கேபிள் இழுத்தேன். குன்னூர் குரங்குகளுக்கு லேன் கேபிள் என்றால் ஊஞ்சல். இரண்டே நாளில் அறுத்துப் போட்டுவிட்டு, நான் அடித்த கிளிப்புகளையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டன.

கடைசியாகத்தான் பவர்லைன் அடாப்டர் போட்டேன். சின்னப் பெட்டிகள் இரண்டு. ஒன்றை ஹாலில் ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்து பிளக்கில் சொருகி லேன் ஒயர் கொடுக்க வேண்டும். இன்னொன்றை டெய்சியின் அறை பிளக்கில் சொருகி, அங்கே ரூட்டரை வைக்க வேண்டும். நடுவில் வீட்டுக் கரண்டு ஒயரே நெட்டையும் சுமந்துகொண்டு போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகக் கூடாது, இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில், அதாவது ஒரே கரண்டு லைனில் இருக்க வேண்டும். எல்லாம் பார்த்துத்தான் செய்தேன். அடாப்டரில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. டெய்சி டீ கொடுத்தார், சார் அதில் தொட்டுக்கொள்ள வர்க்கி கொடுத்தார். பெரிய ஆள் மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

சந்தேகங்கள்

மறுநாளே புகார். போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு சிரிக்கிறது. நான் இருக்கும்போதெல்லாம் நெட் பறக்கும். மீட்டிங் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும்.

கீசரைச் சந்தேகப்பட்டேன், ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டேன். மிக்ஸியை ஓடவிட்டு விளக்கையே முறைத்துக்கொண்டு நின்றேன். அடாப்டரை மாற்றினேன். எங்கள் ஆபீஸ் சூப்பர்வைசரைக் கேட்டதற்கு, "மிஸ்ட்டு எறங்குனா ஒயர்ல ஈரம் ஏறும், அப்படித்தான்" என்றார். இந்த மலையில் எதற்குக் காரணம் தெரியாவிட்டாலும் மிஸ்ட் என்கிற பனிமூட்டத்தின் மேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். நானும் அதையே டெய்சியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

மேனேஜர் பேசும்போதே கட் ஆகி, முதலில் சொன்ன அந்தப் போன் வந்தது அதற்குப் பிறகுதான். அடுத்த மீட்டிங் வெள்ளிக்கிழமை மத்தியானம். அதுதான் கடைசி வாய்ப்பு. அன்றைக்கு நான் ஹாலில் அடாப்டருக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கதவு சாத்தியதும்

டெய்சி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாமுவேல் சார் பேப்பரை மடித்து வைத்தார். மகளின் கதவை ஒருதரம் பார்த்தார், தன் அறைக்குள் போய் அவரும் கதவைச் சாத்தினார். அடாப்டரில் விளக்கு சிவப்பாகிவிட்டது.

ஓடிப்போய் மெயின் போர்டைத் திறந்து, சாரின் அறைக்குப் போகும் சுவிட்சைத் தட்டிவிட்டேன். விளக்கு பச்சைக்கு வந்தது. அறைக்குள்ளிருந்து குரலும் வந்தது.

"யாருங்க அது கரண்ட அமத்துனது?"

உள்ளே போனேன். மர பீரோ திறந்திருந்தது. உள்ளே ஒரு குண்டு பல்பு தொங்கியது. பக்கத்தில், ஃபேனே இல்லாத அந்த வீட்டில், ஒரு ஃபேன் ரெகுலேட்டர். எதிரே ஹேங்கரில் சாரின் பழைய கறுப்புக் கோட்டு.

பீரோவுக்குள் பல்பு எரிப்பது இங்கே புதிதல்ல. மழைக்காலத்தில் அந்தச் சூடு இல்லாவிட்டால் துணியெல்லாம் பூசணம் பிடித்துவிடும். எல்லா வீட்டிலும் செய்வதுதான். இவர் ஏன் திருட்டுத்தனமாகச் செய்கிறார் என்றுதான் புரியவில்லை. கேட்டேன்.

"போன மழைக்குப் பெரிய பல்பு போட்டு கோட்டுக் கை கருகிப் போச்சுங்க. ஊட்டையே கொளுத்தப் பாத்தீங்களான்னு பாப்பா பல்பப் புடுங்கி வீசிட்டா. அதானுங்க, கோயமுத்தூர்ல மச்சினன் ஊட்டுல சும்மா கெடந்த ரெகுலேட்டர வாங்கியாந்து, சூட்டக் கொறச்சு எரிக்கறேன். அவ மீட்டிங்னு கதவச் சாத்துனா வெளிய வரமாட்டா. அப்பப் போட்டுக்குவேன்."

"சார், அந்தக் கோட்டு உங்களுக்கு இப்பப் பத்தவே பத்தாதுங்களே."

"உசுரோட போட்டாப் பத்தாதுங்க. செத்தப்பறம் பொட்டிக்குள்ள படுக்க வெச்சா, முதுகுப் பக்கம் கிழிச்சு முன்னால போர்த்தி உட்டாப் போதும். எங்க எஸ்டேட் மேஸ்திரிக்கு அப்படித்தான் பண்ணுனோம், மாப்பிள்ளையாட்டம் இருந்தாரு. சர்ச்சு சபைக்காரங்க அத்தன பேரும் வந்து பாப்பாங்க. பூசணம் புடிச்ச கோட்டோடயா படுத்துக் கெடக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பினால் வாசலில் டெய்சி. அன்றைய மீட்டிங் சின்னது; நான் உடனே சுவிட்சைத் தட்டியதால் கொஞ்சம் திக்கித் திணறினாலும் கட் ஆகாமல் முடிந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"நெட்டு போனது இதனாலதானுங்களா அண்ணா?"

"ஆமாம்மா. இந்த ரெகுலேட்டரு கரண்டு ஒயர் பூராவும் இரைச்சலக் கெளப்பி உடுது. அதுல அடாப்டரு ரெண்டும் பேசறது ஒண்ணுக்கொண்ணு கேக்கறதில்ல."

டெய்சி பீரோவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். நல்ல மண்டகப்படி நடக்கப் போகிறது என்று நான் சுவரோரமாக ஒதுங்கினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"என்னைய பெங்களூருக்கு அனுப்பப் பாத்தீங்களேப்பா. நான் அங்க போயிட்டா, இந்தக் கோட்ட உங்களுக்கு யாருப்பா போட்டு உடுவாங்க?"

சாமுவேல் சார் கோட்டுக் கையை நீவிவிட்டார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் ஸ்குரூ டிரைவரைத் தேடுகிற மாதிரி பையைக் குடைந்தேன்.

பிறகு சாரே எழுந்து ரெகுலேட்டரைக் கழற்றி என் கையில் வைத்தார். "இதக் கொண்டு போயிருங்க. மச்சினன் கேட்டா குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிக்கறேன்" என்றார். சின்ன வாட் பல்பு ஒன்றை நேராக லைனில் கொடுத்து, கோட்டில் படாதபடி கம்பி வலை கட்டிவிட்டு வந்தேன். பச்சை விளக்கு அசையவில்லை.

தம்பிகளே, நெட் எப்போது போகிறது என்று கஸ்டமரிடம் எல்லோரும் கேட்போம். அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள். கதவைத் தட்டிக் கேளுங்கள். மிஸ்ட் மேல் பழி போடுவதற்கு ஆபீஸில் சூப்பர்வைசர் இருக்கிறார்.

திங்கட்கிழமை மத்தியானம் நெட் எப்படி இருக்கிறது என்று கேட்க வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். சாமுவேல் சார்தான் எடுத்தார். குசுகுசுவென்று பேசினார்.

"பாப்பா மீட்டிங்ல இருக்கறா. மீட்டிங்குக்குப் போறதுக்கு முன்னால அவளே வந்து பீரோ பல்பப் போட்டு உட்டுட்டுத்தான் போயிருக்கறா."