பேதி மருந்து கேட்டுப் போனோம்

என் வீட்டுக்காரருக்கு மனது கெட்டுப்போனதிலிருந்து ஊரில் எல்லாரும் வைத்தியர் ஆகிவிட்டார்கள். பித்தம் தலைக்கேறிவிட்டது, ஒரு பேதி கொடுத்தால் இறங்கிவிடும் என்றார்கள். தஞ்சாவூர் டாக்டரின் மாத்திரையில் அழுகையும் புலம்பலும் நின்றிருந்தன. ஆனால் பழைய ஆள் திரும்பி வரவில்லை. நிற்கச் சொன்னால் நிற்பார், உட்காரச் சொன்னால் உட்காருவார். சம்பா நடவு வேலை தலைக்குமேல் கிடந்தது. எனக்கும் பேதியின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வேறு எதன் மேல் வைப்பது?

ஒரத்தநாட்டில் ஓர் ஆயுர்வேத டாக்டரம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டு, நானும் கொழுந்தனும் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா என்னைவிடச் சின்னப் பெண். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். நான் பேதிப் பேச்சை எடுத்ததும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அதுக்கு உடம்புலயும் மனசுலயும் தெம்பு வேணும்மா. இருக்கான்னு பாக்காம குடுத்தா உள்ளதும் போயிடும்."

கொழுந்தனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தெம்புக்கு என்னங்க குறைச்சல்? நேத்துக்கூட குறுவை நெல்லு மூட்டை அவ்வளவையும் எங்க அண்ணன் ஒத்த ஆளா வண்டியில ஏத்துனாங்க."

நானும் விடவில்லை. மூன்று வேளையும் போட்டதைச் சாப்பிடுகிறார், ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை என்றேன். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துக் காட்டுகிறவர்கள் போல இருவரும் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட்டைய ஏத்தச் சொன்னது யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நாந்தாங்க" என்றான் கொழுந்தன்.

என் பக்கம் திரும்பினார். "பசிக்குதுன்னு அவரா கடைசியா எப்பம்மா கேட்டாரு?"

யோசித்துப் பார்த்தேன். வாய்க்காலைத் தாண்டும்போதே 'சோறு எடுத்து வை' என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிற மனுஷன் அவர். இப்போது நான் நேரம் தவறாமல் தட்டை வைத்துவிடுகிறேன். அவர் வாய் திறந்து கேட்டதாக ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

"சோறு எறங்குறது வேற, பசி வேற" என்றார் அந்தப் பெண். "தூக்குற பலம் இருக்கு. எனக்கு இது வேணும்னு கேக்குற பலம் இல்ல. மொதல்ல அது வரட்டும். பேதி இப்ப வேணாம். தஞ்சாவூர் மாத்திரைய நிறுத்திடாதீங்க. மருந்து நெய் தர்றேன், கொஞ்சமா குடுங்க. அவரா எதையாவது கேட்டாருன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

"கேக்கலேன்னா?"

"பாப்போம்மா."

அந்தப் 'பாப்போம்' எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பேதி என்று ஒன்றாவது கையில் இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டு அனுப்புகிறாரே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் மத்தியானம் சோறு வடித்து, குழம்பை இறக்கிவிட்டு, தட்டை எடுக்காமல் அவர் எதிரே உட்கார்ந்தேன். பட்டினி போடச் சொல்லி டாக்டரம்மா சொல்லவில்லை. எல்லாம் என் புத்திதான். நடவு ஆட்கள் சாப்பிட்டு முடித்து மறுபடி வயலில் இறங்கும் சத்தம் கேட்டது. அவர் ஒரு முறை அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். கேட்கப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு தரையைப் பார்க்க ஆரம்பித்தார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நோயைப் பிடித்து அடிக்க முடியுமா? அவரது தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னங்க, பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். ஒங்களக் கும்புடுறேன்."

"பசிக்குது" என்றார்.

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல என் முகத்தையே பார்த்தார்.

தட்டை வைத்துச் சோறு போட்டேன். போதும் என்று அவர் கையை நீட்டித் தடுக்கட்டும் என்று போட்டுக்கொண்டே இருந்தேன். சோறு தட்டு நிறைந்து தரையில் சரிந்தது. அவர் கை மடியிலேயே இருந்தது.