கிழக்குப் பார்த்த பெட்டி

ஒரு தரம் சொன்னால் எதையும் விளங்கிக்கொள்ளும் ஆள் நான் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் குளிர் நாட்டில், விபோர்க் என்ற ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீட்டில் குடியேறிய பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அங்கே இருந்த காலம் முழுவதும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருந்தேன். இதை இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியையும் ஆறு வயது மகளையும் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். அதில் நான் எங்கே வசிக்கிறேன் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அந்த ஒரு கட்டத்தை வைத்து ஒரு முழுச் சட்டத்தையே நானாகக் கட்டிக்கொண்டேன். அதற்கு உதவியவன் இறைச்சித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒரு தம்பி.

"அண்ணை, வீடு பாக்க ஆள் வரும். பிள்ளையை இந்தக் குளிருக்கையோ வைச்சிருக்கப் போறியள் எண்டு கேப்பினம்" என்றான்.

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் கதைக்கினம்."

அது எனக்குப் போதுமாக இருந்தது. ஏனென்றால் என் வீடு உண்மையிலேயே குளிர் வீடு. இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவில் வெறும் காற்று. யன்னல்களில் ஒற்றைக் கண்ணாடி. நிலவறையில் ஓர் எண்ணெய்க் கொதிகலன் கிடந்தது. அதை ஒழுங்காக எரிக்க என் சம்பளம் காணாது. முதல் மாரியில் அடுப்படியில் மட்டும் நெருப்பு வைத்து, சாக்கெற்றும் காலுறையும் போட்டபடி அங்கேயே படுத்தேன். காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பார்த்தால் வெள்ளையாக இறுகி இருக்கும்.

வீட்டுக்காரி வீதிக்கு மறுபக்கம் இருந்தா. அறுபது தாண்டிய தனியாள். பண்ணை வேலையை விட்டுவிட்டு, மாலை வகுப்பில் சூரிய வெப்பத்தில் தண்ணீர் சூடாக்கும் பெட்டி செய்யப் படித்துக்கொண்டிருந்தா. எனக்கு வாடகையைக் குறைத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டா. சாமான்கள் அவவுடையவை, கை என்னுடையது. வீட்டை நான் சூடான வீடாக்க வேண்டும்.

குளிர் எதனால் வருகிறது என்பதே எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் ஊரில் வெக்கையை வெளியே விடத்தான் வீடு கட்டுவார்கள். கதவுக்கு மேலே காற்றுத் துவாரம் இல்லாத வீட்டை வீடு என்றே சொல்ல மாட்டார்கள். இங்கே அந்தத் துவாரங்களைத் தேடித் தேடி அடைக்க வேண்டும். சாமிப் படத்துக்குக் கொளுத்தும் ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு யன்னல் யன்னலாகப் போனேன். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று வருகிறது. வீட்டுக்காரி அதைப் பார்த்து, வகுப்பில் தங்களுக்கு மெழுகுதிரி வைத்துத்தான் காட்டித் தந்தார்கள், இது அதைவிட நல்லது, வாசமும் வருகிறது என்றா. எனக்குப் பெருமையாக இருந்தது. முகட்டுக்குக் கீழே மஞ்சள் கண்ணாடிப் பஞ்சுச் சுருள்களை விரித்த அன்று அந்தப் பெருமை போய்விட்டது. மூன்று நாள் காஞ்சூண்டி பட்டவன் போலச் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

பிறகு பெட்டி. யன்னலுக்குக் கீழே வைத்து அறையைச் சூடாக்கும் பழைய இரும்பு ரேடியேட்டர்கள் இரண்டுக்குக் கறுப்பு மை பூசி, ஒரு பெரிய மரப் பெட்டிக்குள் வைத்து, முதுகுப் பக்கம் பஞ்சை அடைத்து, முன்னுக்குப் பழைய யன்னல் கண்ணாடியைப் போட்டோம். உள்ளே உறையாத மருந்து கலந்த தண்ணீர் ஓடும். வெயில் அதைச் சூடாக்க, ஒரு சின்னப் பம்பி அந்தச் சூட்டை நிலவறைத் தொட்டிக்குக் கொண்டுவரும். கூரையில் ஏற்ற வேண்டியதுதான் மிச்சம். அந்த வாரம் வீட்டுக்காரி படியில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டு, பிரெடெரிசியா நகரில் இருந்த மகளிடம் போய்விட்டா. போகும்போது சொன்னது ஒன்றுதான்: "சூரியனைப் பார்க்க வை."

வைத்தேன், கிழக்குச் சரிவில். சூரியன் வேறெங்கே உதிக்கும்? பொங்கலுக்கு எந்தத் திசையைக் கும்பிடுகிறோம்? வேலைத்தளத்துத் தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டு தெற்குச் சரிவு அகலமாக இருக்கிறதே என்று கேட்டான். தெற்கு யமனுடைய திசை, என் பெண்சாதி பிள்ளை வரப்போகும் வீட்டுக்கு அந்தப் பக்கத்தால் ஒன்றும் வர வேண்டாம் என்று அவனை அதட்டினேன். எங்கள் ஊர்ச் சூரியன் கிழக்கே எழும்பி நேரே உச்சிக்கு ஏறும். இங்கே மாரியில் அது உச்சிக்கு வருவதே இல்லை, தெற்கு வானத்தின் கரையோரமாக ஊர்ந்துவிட்டுப் போய்விடும். மூன்று மாரி பார்த்தும் அதை நான் கவனிக்கவில்லை. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு.

தொட்டித் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருந்தது. பம்பியைக் கழற்றிப் பூட்டினேன். கண்ணாடியைத் துடைத்தேன். மை போதாது என்று இன்னொரு தரம் பூசினேன். கோடைக் காலையில் கொஞ்சம் வெதுவெதுக்கும், அவ்வளவுதான்.

இதற்கிடையில் குடிவரவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். பஞ்சு விரித்த முகட்டின் படம், இரட்டைக் கண்ணாடி போட்ட யன்னலின் படம், சுவரில் தொங்கிய வெப்பமானியின் படம். "இப்போது பதினாறு பாகை" என்று எழுதுவேன். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்ற அதே ஒற்றை வரி பதிலாக வரும். அந்த வரியை நான் திருப்பித் திருப்பிப் படித்தேன். பதினாறு அவர்களுக்குப் போதாது என்று விளங்கிக்கொண்டேன்.

மனைவிக்கும் அப்படியே எழுதினேன். வீடு சூடானதும் உங்களைக் கூப்பிடுவார்கள், நான்தான் கொஞ்சம் பிந்திக்கொண்டிருக்கிறேன் என்று. அவள் பதில் போட்டாள்: "குளிரெண்டாலும் பறவாயில்லை. போர்வை கொண்டு வாறம். கெதியாக் கூப்பிடுங்கோ." அதற்கடுத்த கடிதம் நாலே வரி. பக்கத்து வளவில் செல் விழுந்து வெடித்தது, மகளுக்கு இடது காது கேட்கவில்லை, டொக்டர் இனிக் கேட்காது என்கிறார். சுகம் விசாரித்துக்கூட எழுதவில்லை. அந்தக் கடிதத்தோடு கூரையில் ஏறி, அந்தப் பெட்டியைக் காலால் உதைத்தேன். எனக்கு வேறு யாரையும் உதைக்கத் தெரியவில்லை.

வீட்டுக்காரி ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தா. பனி பெய்து விட்டிருந்த ஒரு மத்தியானம். ஊன்றுகோலோடு முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தா. தெற்குச் சரிவில் பனி உருகி ஓடு தெரிந்தது. என் பெட்டியின் மேல் பனி அப்படியே கிடந்தது. அவ ஊன்றுகோலைத் தூக்கித் தெற்கைக் காட்டினா. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சனிக்கிழமையே நானும் தம்பியும் பெட்டியைத் தெற்குச் சரிவுக்கு மாற்றினோம். மார்ச் மாதம் தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாதபடி சுட்டது. அந்தப் படத்தையும் அனுப்பினேன். ஒரு மாதத்துக்குள் அனுமதி வந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். அன்றைக்கு நான் காகத்தையே கும்பிட்டேன்.

அவர்கள் மே மாதம் வந்தார்கள். வீடு நல்ல சூடு. சமைக்கும் தண்ணீரும் குளிக்கும் தண்ணீரும் சூரியன் தந்தது. மகள் பேச்சுக் கேட்க வலது பக்கத்தைத் திருப்புவாள். மனைவி அவளோடு கதைத்தாள், வீட்டுக்காரியோடு கைப்பாசையில்கூடக் கதைத்தாள். என்னிடம் மட்டும் "சாப்பாடு இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். புது நாடு, புது வெளிச்சம், அதுதான் என்று நினைத்தேன். அவளைச் சந்தோசப்படுத்த முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கிழக்குக் கூத்தை முழுவதும் சொல்லிப் பெட்டியைக் காட்டினேன்.

"அப்ப முதலே இந்தப் பக்கம் வைச்சிருந்தால்?" என்று கேட்டாள்.

"ஒரு வருசம் முந்தி வந்திருப்பியள்" என்று சொல்லி நான் சிரித்தேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். ஏன் போனாள் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கோடையும் அடுத்த மாரியும் அப்படியே போயின. ஒரே வீட்டில், ஒரே சூட்டில், இரண்டு அந்நியர்கள் போல இருந்தோம். எனக்குக் கோபம்கூட வந்தது. இவளுக்காக எவ்வளவு பாடுபட்டேன், ஒரு நல்ல சொல் இல்லையே என்று.

பிறகு ஒரு நாள் பின்னேரம் வீட்டுக்காரி என்னைத் தன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தினா. தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களைப் பற்றிய அரசாங்க விசாரணை போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது. அவ மெதுவாகத் திருப்பிச் சொன்னா. நான் காத்திருந்த அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை எடுக்காமல் கிடப்பில் போட அமைச்சர் மட்டத்தில் இருந்து சொல்லப்பட்டிருக்கிறது. எல்லாக் கோப்புகளும் சும்மா கிடந்து, அந்தத் தடையை எடுத்த பிறகுதான் அசைந்திருக்கின்றன.

"என் வீடு?" என்று கேட்டேன்.

"உன் வீட்டை ஒருவரும் பார்க்கவில்லை."

"நான் அனுப்பிய படங்கள்?"

அவ என் கையைப் பிடித்தா. மூன்று தரம் கேட்டேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு இவ்வளவு காலம் இருந்திருக்கிறேன் என்று உறைக்க வெகுநேரம் எடுத்தது. என் பிழை இல்லை என்று நிம்மதிப்படுவதா, என் பாடு முழுவதும் வீண் என்று அழுவதா தெரியாமல் வீதியைக் கடந்து வந்தேன்.

மனைவி பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழைப்பதை நிறுத்தினாள்.

"அப்ப அந்தப் பெட்டி?"

"பெட்டிக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எங்கை வைச்சிருந்தாலும் உங்களை விட்டிருக்க மாட்டினம்."

அவள் கதிரையில் இருந்துவிட்டாள். மாவோடு இருந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளையின்ரை காது உங்களாலை போனதெண்டு நினைச்சன்" என்றாள். "இவ்வளவு நாளும் உங்களிலைதான் கோவமா இருந்தன். இனி நான் ஆரிலை கோவிக்கிறது?"

நான் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.