அடுப்பில் போன லேபிள்கள்

லண்டனில் நான் பார்த்த வேலைகளில் மனதுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். டாகனம் பக்கம், ஆற்றோரமாக இருந்த ஒரு மர யார்ட். பெட்ரோல் செட்டில் நின்றிருக்கிறேன், சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கியிருக்கிறேன். அங்கெல்லாம் ஷிப்ட் எப்போது முடியும் என்று மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். யார்டில் அப்படியில்லை. புதிதாகப் பிரித்த பைன் பலகைக் கட்டு ஒன்றிலிருந்து ஒரு வாசனை வரும். அதற்காகவே வீடு இருந்த செவன் கிங்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகலாம். பிடிக்காத இடத்தில் ஒரு பிழை விட்டால் அந்த இடத்தின் மேலேயே பழியைப் போட்டுவிடலாம். எனக்கு அந்தச் சாட்டும் கிடையாது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்த காலம். நான் ஜெர்மனியில் பத்து வருடம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் எடுத்து, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டன் வந்தவன். முதலாளி அண்ணை பிரான்ஸிலிருந்து வந்தவர், மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். பாரிஸில் தச்சு வேலை பழகியவர். எங்கள் ஆட்களின் கடைகளுக்குச் சாமான் தட்டு அடிக்கவும் வீடுகளின் கூரைக்கடியில் லொஃப்ட் அறை போடவும் மரம் விற்றார். காலையில் சிலுவை போட்டுக்கொண்டுதான் கேற்றைத் திறப்பார். பொய் சொல்லத் தெரியாத வியாபாரி. அப்படியும் ஒருவர் இருந்தார் என்றால் என் மனைவி இன்றும் சிரிப்பாள்.

மரம் பின்லாந்திலிருந்து வரும். ரஷ்ய எல்லையை ஒட்டிய காடுகள். எல்லைக்கு இரண்டு பக்கத்து மரமும் பின்லாந்துப் பக்கம் ஒரே ஆலையில் அறுபட்டு, பிளாஸ்டிக் சுற்றிக் கப்பலேறும். ஒவ்வொரு கட்டின் தலைப்பிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு லேபிள், அதில் ஒரு நீளமான எண். கட்டைப் பிரிக்கிறவன் நான். லேபிளைக் கிழித்துக் குப்பையில் போடுவேன். ஒரு நாள் அண்ணை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுவந்து தந்தார்.

"தம்பி, இனி லேபிளை எறியாதையும். கழட்டி இதுக்குள்ளை போட்டு வையும். பின்லாந்துக் காட்டு ஆக்கள் கேட்டவை."

"என்னத்துக்கு அண்ணை?"

"எந்தக் காட்டிலை வெட்டின மரமெண்டு பாக்கினமாம். நல்ல காரியம்தானே, செய்வம்."

ஒரு வருடம் ஒழுங்காகச் செய்தேன். முதல் டப்பா நிறைந்து இரண்டாவதும் பாதியானது. கடைசியாக வந்த கட்டுகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது, முடிவில் மூன்று ஏழு. கழட்டுகிறபோதெல்லாம் கண்ணில் படும். அதைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

ஒரு புதன்கிழமை அண்ணை சரக்குப் பார்க்கத் துறைமுகத்துக்குப் போய்விட்டார். நான் தனியே நின்றேன். கேற்றால் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நரைத்த மீசையோடு உயரமாக ஒரு மனிதர். இருவர் கழுத்திலும் அடையாள அட்டை, கையில் பைல், பெண்ணின் தோளில் கேமரா. அந்தப் பெண் கைகொடுத்துத் தன் பெயரைச் சொன்னார், எங்கிருந்து வருகிறோம் என்றும் சொன்னார். எதுவும் என் காதில் ஏறவில்லை. கட்டுகளைப் பிரிப்பது நீங்களா, லேபிள் எண்களைப் பார்க்கலாமா என்று கேட்டது மட்டும்தான் விழுந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரண்ட கதை பழையது. ஐரோப்பாவுக்கு வந்த விமானத்தில் வைத்து என் பாஸ்போர்ட்டை நானே தாள் தாளாகக் கிழித்துக் கழிவறையில் விட்டுத் தண்ணீர் இழுத்தவன். காசு வாங்கி ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: பைலோடு வந்து கேட்கிறவனுக்குத் தெரியாது என்று சொல்லு, கையில் கடதாசி இல்லாதவனைத் திருப்பி அனுப்ப ஏலாது. அவன் சொன்னது பலித்தது. நான் தப்பினேன். அதனால் அந்தப் பாடம் எனக்குள் வேதம் மாதிரி நின்றுவிட்டது. அன்றைக்கு நான் ஒளித்து வைக்க எதுவுமே இல்லை. சட்டப்படி வேலை, சட்டப்படி வரி, சட்டைப் பையில் நல்ல பாஸ்போர்ட். ஆனாலும் வாய் தன்பாட்டில் பேசியது.

"லேபிள் இல்லை. எனக்குத் தெரியாது. முதலாளி இல்லை."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு நாள் முந்தி வந்துவிட்டோம், மன்னிக்கவேண்டும், நாளை வருகிறோம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனார். அண்ணையை மாட்ட வந்த இமிகிரேஷன்காரர் என்றே நான் முடிவுகட்டிவிட்டேன். இமிகிரேஷன்காரர் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் உண்டா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தாலும் போதும். நான் யோசிக்கவில்லை. கொட்டகையில் துண்டு மரம் எரிக்கிற இரும்பு அடுப்பு ஒன்று இருந்தது. இரண்டு டப்பாவையும் அதற்குள் கவிழ்த்தேன். பிளாஸ்டிக் பூசிய லேபிள்கள், சுருண்டு சுருண்டு கறுப்புப் புகையாகப் போயின. கம்பியால் கிளறி, கடைசித் துண்டும் எரிந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அண்ணையை இண்டைக்கு நான்தான் காப்பாத்தினது."

"என்னப்பா, அவர் என்ன களவே செய்தவர், நீங்கள் காப்பாத்த?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். சரியான கேள்வியைக் கேட்டவளுக்கு அன்று கிடைத்தது அதுதான்.

மறுநாள் காலை அண்ணை அந்த இருவரையும் சிரித்தபடி கூட்டிக்கொண்டு வந்தார். தேத்தண்ணி போட்டார். பெண் பின்லாந்துக் காட்டு இலாகாவில் வேலை செய்பவர். மீசைக்காரர் ரஷ்யப் பக்கம் அதே வேலை செய்பவர். அவர்கள் மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் ஒட்டியபடி ஒரு பழைய காடு. அதை வெட்டாமல் விடுவதென்று இரண்டு பக்கமும் பேசி முடித்திருந்தார்களாம். ஒருவர் பக்கத்துக்கு மற்றவர் போக ஒவ்வொரு தடவையும் அனுமதிக் கடதாசிக்கு வாரக்கணக்கில் காத்திருந்து, மூன்று வசந்த காலம் இருவருமாக அந்தக் காட்டில் மரம் மரமாக நடந்திருக்கிறார்கள். அங்கே பறக்கும் அணில் இருக்கிறது. இரவில் திரிகிற பிராணி, ஆளின் கண்ணில் படாது. ஆனால் அது குடியிருக்கிற மரத்தின் அடியில் மஞ்சளாக, நெல்மணி அளவில் புழுக்கை கிடக்கும். பனி உருகும்போது முழங்காலில் இருந்து அதைத் தேடி எண்ணுவதுதான் வேலை. மீசைக்காரர் படம் காட்டினார். ஒரு பெரிய மரத்தின் வேரடியில் மஞ்சள் மணிகள், பக்கத்தில் அளவுக்கு வைத்த அவருடைய பெருவிரல்.

ரஷ்யப் பக்கத்தில் குத்தகைக்காரன் ஒருவன் அந்தக் காட்டில் ஒரு பகுதியைக் களவாக வெட்டி, வேறு காட்டு மரம் என்று கடதாசி காட்டியிருக்கிறான். ஆனால் ஆலையில் லேபிள் அடித்தவருக்கு அந்தத் தில்லுமுல்லு தெரியாது, மரத்தோடு வந்த, வெட்டிய இடத்தின் எண்ணையே அடித்துவிட்டார். ஆலையின் பதிவுகளில் பிறகு எண்ணை மாற்றிவிட்டார்கள். கப்பலேறி வந்த லேபிளை மட்டும் ஒருவராலும் மாற்ற முடியாது. மற்ற யார்டுகளில் எல்லாம் கிழித்து எறிந்துவிட்டார்கள். எடுத்து வைத்திருப்பது இங்கே மட்டும்தான் என்று அண்ணை டெலிபோனில் சொன்னதை நம்பி வந்திருந்தார்கள். லேபிளைக் காட்டினால் மிச்சக் காடு தப்பும். காட்டாவிட்டால், குளிரில் நிலம் இறுகியதும் மிச்சத்தையும் வெட்டுவார்கள்.

அவர்கள் தேடிய எண்ணைக் கடதாசியில் எழுதிக் காட்டினார்கள். முடிவில் மூன்று ஏழு.

"தம்பி, அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வாரும்" என்றார் அண்ணை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அண்ணை, கொட்டகைக் கூரை ஒழுகி டப்பாவுக்குள்ளை மழைத்தண்ணி பூந்திட்டுது. எல்லாம் ஊறிக் கூழாப் போச்சு. போன கிழமையே எறிஞ்சிட்டன்."

அண்ணையின் முகம் விழுந்தது. அவர் அதை இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். என் பொய்யை அந்த மனிதர் தன் வாயால் சொல்ல நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் முதல் நாள் நான் சொன்னதை மறந்திருக்க மாட்டார். ஆனாலும் அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: இந்த எண்ணைக் கட்டுகளில் பார்த்த ஞாபகம் உங்களுக்கு இருந்தால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். பிரித்தவரின் சாட்சி என்று இரண்டு நாட்டு அதிகாரிகளும் கூடுகிற கூட்டத்தில் வைப்போம், அதை யாரும் தள்ளிவிட முடியாது.

என்னை ஒருவரும் வெருட்டவில்லை. அவர்கள் யார் என்று இப்போது தெரியும், பயப்பட ஒன்றும் இல்லை என்றும் தெரியும். முதல் நாள் செய்தது அறியாமை என்று என்னை நானே மன்னிக்கலாம். இந்த இரண்டாம் நாளுக்கு மன்னிப்பு எங்கே இருக்கிறது? கையெழுத்துப் போட்டால், அவ்வளவு நன்றாக நினைவிருப்பவன் கூழாகும்வரை ஏன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்பார்கள். அப்புறம் அடுப்பு வரும். நான் ஒரு முட்டாள் என்று அண்ணைக்குத் தெரிந்துவிடும். ஒரு காடா, என் மானமா என்று வந்தபோது நான் மானத்தை எடுத்தேன். அந்த மானத்தின் பெறுமதி எனக்கு இன்றைக்கு நன்றாகத் தெரியும்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

மீசைக்காரர் என்னையே பார்த்தார். கோபமில்லை. களைப்புத்தான். படத்தை எடுத்துப் பைலுக்குள் கவனமாக வைத்தார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை மரவேலை செய்கிறவனின் கை மாதிரி காய்த்திருந்தது.

அண்ணை அவர்களைக் கேற்றடி வரை கொண்டுபோய் விட்டு, ஒழுகுகிற கூரைக்காக அவர்களிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அடுத்த சனிக்கிழமையே ஆள் பிடித்துக் கூரையைப் புதிதாகப் போட்டார். பழைய கூரை ஒரு நாளும் ஒழுகினதில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உம்மிலை பிழையில்லைத் தம்பி. நான்தான் முந்தியே பாத்துச் செய்திருக்க வேணும்" என்று அவர் எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். நான் ஏணியைப் பார்த்துத் தலையாட்டினேன்.

குளிர் போய், வெளிச்சம் நீளத் தொடங்கியபோது பின்லாந்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே இறுக்கமான மூடி போட்ட ஒரு பெட்டி, தண்ணீர் புகாதது. கூடவே அந்தப் பெண்ணின் கடிதம். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார். சாட்சி இல்லாததால் கூட்டத்தில் குத்தகைக்காரனின் கடதாசியையே ஏற்றுக்கொண்டார்கள். ரஷ்யப் பக்கத்துக் காடு முழுவதும் குளிர்காலத்தில் வெட்டப்பட்டுவிட்டது. ஆதாரம் இல்லாமல் புகார் கொடுத்ததற்காக மீசைக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தன் பக்கத்துக் காட்டில் எண்ணிக்கை தொடர்கிறது, இனி அதைத் தான் தனியாகத்தான் எண்ணவேண்டும். மழைக்காக உங்கள் ஆள் மனம் வருந்தவேண்டாம் என்று சொல்லுங்கள். இனி வரும் லேபிள்களை இந்தப் பெட்டிக்குள் போடட்டும்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"பாவம் அந்த மனுசன். அந்த மழை ஒரு கிழமை பிந்திப் பெய்திருந்தால் என்ன, தம்பி?"

இனி மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மரம் விழுந்தாயிற்று, அந்த மனிதரின் வேலை போயாயிற்று. யார்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். உண்மையைச் சொன்னால் அண்ணை திட்டியிருப்பார், பிறகு மன்னித்தும் இருப்பார். அவர் அப்படிப்பட்டவர்.

"ஓம் அண்ணை" என்றேன். "மழைதான் எல்லாத்தையும் கெடுத்தது."