எழுதும் நேரத்தில் வந்த வலி

ஓய்வு பெற்ற பிறகு நிறைய நேரம் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்த காலம் முழுக்க, மனதில் இருந்த நாவலை அந்த நம்பிக்கையில்தான் தள்ளிப்போட்டேன். ஓய்வூதியம் சந்தைக்கும் மருந்துக்கும் போதவில்லை. அதனால் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம் என்று சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழிபெயர்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். பலாங்கொடையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நாவல் மறுபடி மேசை ஓரத்துக்குப் போனது. எழுபது தாண்டிவிட்டது, முடிக்காமலே போய்விடுவேன் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தில் ஓர் ஏற்பாடு செய்தேன். தோட்டத்தில் சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கும் கொழுந்துக்குத் தனிக் கூலி, கைக்காசு. என் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தக் கணக்கில் கூடை சுமந்தவள். நானும் என் நாளை அப்படியே பிரித்தேன். காலை முழுவதும் நாவல், அது பேர். மத்தியானத்துக்குப் பிறகு மொழிபெயர்ப்பு, அது கைக்காசு. நினைத்த பக்கங்களை முடிக்கும்வரை யாரும் அறைக்குள் வரக்கூடாது. மனைவிக்கென்று நேரம் எதையும் ஒதுக்கவில்லை. வீட்டிலேதானே இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அவள் கேலி செய்தாள். சாப்பாடு போடும்போது, "கங்காணி ஐயா, இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" என்பாள். அரைப் பேர் என்று சொன்னால், "அப்ப கருவாடும் பாதிதான்" என்பாள். சிரித்தாளே தவிர, ஏற்பாட்டை ஒருநாளும் மீறவில்லை. காய்ச்சலோடு மலைக்குப் போன நாளிலும் கொழுந்து நிறுக்குமுன் இறங்கி வந்தவள் அல்ல அவள்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, அவள் கதவருகே வந்து நின்றது எனக்குத் தெரியும். ஒரு கையால் நெற்றியைப் பிடித்திருந்ததும் கடைக்கண்ணில் பட்டது. நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். நிமிராமல் இடது கையை மட்டும் உயர்த்தினேன், பொறு என்று. போய்விட்டாள். அன்றைக்கு எழுத்து நன்றாக ஓடியது. இதைச் சொல்லக் கூசுகிறது.

மத்தியானம் வெளியே வந்தபோது வாளிக்கு முன்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இடது கண் சிவந்து கலங்கியிருந்தது. பல்பைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"உங்களுக்கு முழுப் பேரு விழுந்துரட்டுமேன்னு இருந்தேங்க."

ஆட்டோ பிடித்து ஊர் ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து அம்புலன்ஸில் இரத்தினபுரிக்கும் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருப்பதாக அங்கிருந்த இளம் பெண் டொக்டர் சொன்னார். வலி எப்போது தொடங்கியது என்று சிங்களத்தில் கேட்டார். கேள்வி மனைவிக்கு, முந்திக்கொண்டு பதில் சொன்னது நான். மத்தியானம் என்றேன். பிறர் சொன்னதை மாற்றாமல் மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்து முத்திரை வாங்கியவன் நான். காலை என்று சொன்னால், அவ்வளவு நேரமும் நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தேன்.

என் மனைவிக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். கண்ணைப் பொத்தியபடியே, "உதே இந்தலா, டொக்டர்" என்றாள். காலையிலிருந்து. டொக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். நேரத்தோடு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். வலது கண்ணுக்கும் அதே ஆபத்து உண்டாம். லேசர் செய்யத் திகதி தந்திருக்கிறார்கள். அதற்குள் வலி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

கதவைத் திறந்துவைத்துத்தான் இப்போது உட்காருகிறேன். ஒரு வரி முடிவதற்குள் எழுந்து போய்ப் பார்க்கிறேன். நாவல் நகரவில்லை. மொழிபெயர்ப்புகள் தேங்கிக் கிடக்கின்றன. அவற்றையும் விட்டால் இரத்தினபுரிக்குப் போய்வர வழியில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "கண்ணு உங்களுக்கா போச்சு? போயி வேலையப் பாருங்க" என்றாள். அதில் கோபம் எவ்வளவு, இரக்கம் எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இன்று காலையும் வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஆனால் வலது கண்ணை அடிக்கடி துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால், அடுப்புப் புகை என்றாள். தொட்டுப் பார்த்தேன், அடுப்பு ஆறிக் கிடந்தது. ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். கிளினிக் நாளும் இல்லை, இது வீண் செலவு என்று முணுமுணுத்தபடி சீலை மாற்றிக்கொண்டிருக்கிறாள். வீண் செலவாகவே இருந்துவிடட்டும்.