அப்பாவின் பங்கு எள்

அம்மாவின் காரியத்தில் பூசாரி என் உள்ளங்கையில் எள்ளை வைத்தார். ஈர எள் ஒட்டியதும் நினைவில் கஹவத்தைத் தோட்டத்து லயத்தில், நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் போய்விட்டேன்.

யுத்த காலம். கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன அப்பா மூன்று வருடமாகத் திரும்பவில்லை. ஆடி அமாவாசையன்று சித்தப்பா எள் வாங்கி வந்தார்.

"இனியும் பாக்க வேணாம் அண்ணி. எள்ளுத்தண்ணி விட்டுருவோம்."

அம்மா அதைப் பிடுங்கிச் சட்டியில் கொட்டி வறுத்தாள். லயமே மணத்தது. கித்துள் கருப்பட்டி சேர்த்து இடித்து உருண்டை பிடித்து டின்னில் அடைத்தாள்.

"அவரு வந்து திம்பாரு. ஒருத்தரும் தொடாதீங்க."

டின்னுக்குள் பூஞ்சணம் பூக்கும்வரை நாங்கள் பசியோடு பார்த்துக்கொண்டே இருந்தோம். அடுத்த ஆடியிலும் வறுத்தாள். அதற்கடுத்த ஆடியிலும்.

"அப்பா பேரையும் சொல்லி எள்ளுத்தண்ணி விடுங்க தம்பி" என்றார் பூசாரி, என் கையிலிருந்த எள்ளில் நீர் ஊற்றியபடி.

அம்மாவுக்கு மட்டும் விட்டேன். மீதி எள்ளை வாயில் போட்டு மென்றேன். பச்சை எள் கசந்தது.