மரத்துப்போகாத பல் ஆஸ்பத்திரி

கண்ணுகளா, உங்கள் அப்பாவுக்கு ஒருத்தர் மேல் கோபம் வந்தால் லேசில் போகாது என்று அம்மா சொல்வதில் தப்பில்லை. இது அப்படி ஒரு கோபம்.

உக்கடத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க, எங்கள் ரூட்டிலேயே இருக்கும் ஒரு பல் டாக்டரிடம் போனேன். ஈறில் ஊசி போட்டார். போட்ட கையோடு கொறடை எடுத்தார்.

"இன்னும் மரத்துப்போகலீங்க," என்றேன்.

"எல்லாம் மரத்துப்போயிருக்கும். ஆம்பளதானே, வாயத் தொறங்க. வெளிய கூட்டம் நிக்குது."

பிடுங்கினார். கண்ணில் பூச்சி பறந்தது. கத்தின கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. வெளியே வந்து ஸ்டாப்பில் நின்றபோதுதான் உதடு மரத்தது, பாதிக் கன்னம் காணாமல் போனதுபோல. வலிக்க வேண்டியதெல்லாம் வலித்து முடிந்தபின் மரத்து என்ன பிரயோஜனம்? இந்த ஆளை விடக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கண்டக்டரிடம் என்ன இருக்கிறது? வாய்தான். ஸ்டாப்புக்கு நாங்கள் கூவுவதுதான் பேர். மறுநாளிலிருந்து அவர் ஆஸ்பத்திரி முன்னால் பஸ் நிற்கும்போதெல்லாம் படியில் தொங்கிக்கொண்டு கத்தினேன்: "மரத்துப்போகாத பல்லாஸ்பத்திரி எறங்குங்கோ!"

முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஏறுகிறவர்களே, "மரத்துப்போகாத ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு குடுங்க," என்று டிக்கெட் கேட்டார்கள். அன்றைக்குச் சோறு எனக்கு ருசித்தது.

ஒருநாள் டாக்டரே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"ஏனுங்க கண்டக்டர், இப்படிக் கூவுனா என் பொழப்பு என்னாகறது?"

"மரத்துப்போறதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க டாக்டர்?"

"அஞ்சு பத்து நிமிசம் ஆகும்."

"எனக்கு எவ்வளவு நேரம் உட்டீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு அம்மா, "எனக்கும் அதே கதிதானுங்க. அடுத்த தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்துனேன்," என்றார். பஸ்ஸே சிரித்தது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

பெரியவளே, உனக்குச் சொத்தைப் பல் வந்தபோது உன்னை அவரிடமே கூட்டிப்போனேன். "உங்க வீம்புக்கு எம்புள்ளதான் கெடச்சாளா?" என்று அம்மா திட்டினாள். நான் பக்கத்திலேயே நிற்பேன், இந்தத் தடவை அவரால் அவசரப்பட முடியாது என்றேன்.

என்னைக் கண்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஊசி குத்துவது தெரியாமலிருக்க முதலில் ஈறில் ஜெல் தடவினார். காத்திருந்தார். பிறகு ஊசி மருந்தை மெல்ல மெல்ல இறக்கினார். மறுபடியும் காத்திருந்தார். கம்பி முனையால் ஈறைத் தொட்டு, "வலிக்குதா அம்மணி?" என்று கேட்டார். இல்லை என்று நீ தலையாட்டினாய். ஆனாலும் அவர் கொறடைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடுங்கட்டுமா என்பதுபோல என் முகத்தையே பார்த்தார். நான் அசையவில்லை. வெளியே கூட்டம் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும் என்று நின்றேன். அவர் நெற்றியில் வேர்த்து வழிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது.

நீதான் கோணின வாயோடு, "அப்பா, மரத்துப்போயி ரொம்ப நேரமாச்சு. தொறந்தே வெச்சு தாடதான் வலிக்குது," என்றாய்.

அப்புறம்தான் தலையாட்டினேன். பல்லைப் பிடுங்கினதே உனக்குத் தெரியவில்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் தாடைக்காகத்தான் விட்டேன்.