பெட்டி சொல்லியாச்சு

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாக நாங்கள் இருந்த லயத்தில், சின்ன வயதில் எனக்குத் தெரிந்த பெட்டிகள் இரண்டுதான். ஒன்று தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்பில் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள். ஒரு காலத்தில் எங்கள் மலைத் தேயிலையெல்லாம் அதில்தான் கப்பலேறியதாம். காகிதப் பை வந்ததும் தொழிற்சாலைக்கு அது வேண்டாத சாமானாகி, லயத்துக்கு வந்து சேர்ந்தது. எங்கள் துணிமணியெல்லாம் அதற்குள்தான் இருக்கும். எதை உடுத்தினாலும் தேயிலை வாசம் அடிக்கும்.

மற்றது பிணப்பெட்டி. இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே, "பெட்டி சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப்போன அப்பா சரிவில் விழுந்து, இடுப்பு உடைந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். சின்னப்பிள்ளை என்று என்னை வார்டுக்குள் விடவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்பதைப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முகங்கள் நன்றாக இல்லை.

ஒரு மத்தியானம் பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மாமா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது.

"பதுளையில பெட்டி சொல்லிட்டேன்க்கா. பெருசாத்தான். சனிக்கிழமை கொண்டாந்துர்றேன். புள்ளகிட்ட இப்ப சொல்ல வேணாம்."

வீட்டில்தான் ஒரு பெட்டி இருக்கிறதே, இன்னொன்று எதற்கு? அதுவும் பெரிதாக? அப்பா நல்ல உயரம்.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். சோறு இறங்கவில்லை. உயிரோடு இருக்கிற மனிதருக்குப் பெட்டி சொன்ன மாமாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டி வீட்டுக்குள் வராவிட்டால் அப்பா சாக முடியாது.

சனிக்கிழமை ஆட்டோ சத்தம் கேட்டதும் கதவைத் தாழிட்டேன். தேயிலைப் பெட்டியை இழுத்து முட்டுக்கொடுத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மாமா தட்டினார், கெஞ்சினார், திட்டினார். லயமே கூடிவிட்டது.

"அப்பாவுக்குப் பெட்டி வேணாம்! திருப்பிக் கொண்டு போங்க!" என்று உள்ளிருந்து கத்தினேன்.

பிறகு அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"அப்பா நல்லாத்தான்டி இருக்காரு. எந்திரிச்சு நடக்க நாளாகும், அவ்வளவுதான். இது எனக்குடி. கதவத் தொற."

திறந்தேன். சிவப்பு நிறத்தில், கைப்பிடி நீளுகிற, சக்கரம் வைத்த பெட்டி. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதை லயத்து வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக்கொண்டு ஓடினேன். மாமாகூடச் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அப்படியொரு பெட்டி வந்து இறங்கினால், அந்த வீட்டுப் பெண் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. பெட்டி அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்குத்தான் என்ற நிம்மதியில், அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.